நடவு நாளைத் தீர்மானிக்க வேண்டியது பூக்கும் நாள்: வாசகர் கேள்வி–பதில்

நெல் நடவுக் காலம் பற்றி வந்த கேள்விகளில், ஒன்றுக்கு எழுதும் விடை மற்றொன்றுக்கும் உதவும் வகையில் அமைந்த சிலவற்றை இந்த இதழுக்காகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே மூட்டையில் இருந்த விதையை, ஒரே வயலில், இரண்டு வெவ்வேறு பருவங்களில் பயிரிட்டேன். முதல் முறை 120 நாளில் அறுவடைக்கு வந்தது. அடுத்த முறை 108 நாளிலேயே முற்றிவிட்டது, விளைச்சலும் குறைந்தது. விதையில் கலப்பு இருந்திருக்குமா?

விதையில் குறை தேட வேண்டியதில்லை. ஒரு ரகத்துக்குச் சொல்லப்படும் வயது சராசரிக் கணக்குதான். பயிர் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை, தனக்குக் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வளர்கிறது.

நெல்லின் வாழ்நாளை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். விதைத்த நாளிலிருந்து தண்டின் அடியில் இளங்கதிர் உருவாகத் தொடங்கும் பஞ்சு கட்டும் பருவம் வரை ஒன்று. அதிலிருந்து பூக்கும் வரை இரண்டாவது. பூத்ததிலிருந்து மணி முற்றும் வரை மூன்றாவது. வெப்பமான பகுதிகளில் இரண்டாம் பகுதி ஏறத்தாழ 35 நாளும் மூன்றாம் பகுதி ஏறத்தாழ 30 நாளும் எடுத்துக்கொள்கின்றன; இவை ரகத்துக்கு ரகம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே 120 நாள் ரகத்தில் முதல் பகுதிக்கு 55 நாள் மிஞ்சுகிறது. வயது கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் நிகழ்கின்றன.

ஒரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 10 டிகிரியைக் கழித்தால், அந்த நாளில் பயிருக்குப் பயன்பட்ட வெப்பத்தின் தோராயமான அளவு கிடைக்கும். சராசரி 24 டிகிரியாக இருந்தால் நாளொன்றுக்கு 14 அலகு. 55 நாளில் 770 அலகு. அதே ரகத்தைச் சராசரி 28 டிகிரி நிலவும் காலத்தில் நட்டால் நாளொன்றுக்கு 18 அலகு சேரும். 770 அலகு 43 நாளில் நிறைந்துவிடும். நீங்கள் குறிப்பிட்ட 12 நாள் வேறுபாடு இங்கேயே வந்துவிடுகிறது. இது எளிமைப்படுத்திய கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும்: வெப்பம் ஓர் எல்லையைக் கடந்தபின் வளர்ச்சி மேலும் விரைவுபடுவதில்லை, மாறாகத் தடைபடுகிறது.

விளைச்சல் ஏன் குறைந்தது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. வெப்பத்தால் வயது குறையும்போது இலைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. ஒவ்வோர் இலையும் விரைந்து வெளிவருகிறது. குறைவது, அந்த இலைகள் வெயிலை வாங்கி மாவுச்சத்தாக மாற்றும் நாட்கள். எனவே அத்தகைய பருவத்தில் நடும்போது குத்துகளை (ஓரிடத்தில் சேர்த்து நடும் நாற்றுகளை) நெருக்கமாக வைப்பதும், தழைச்சத்தின் (நைட்ரஜன் உரத்தின்) முதல் பகுதியைத் தாமதிக்காமல் இடுவதும், இருக்கும் குறைந்த நாட்களுக்குள் வயலை இலையால் மூடச் செய்யும்.

கேள்வி: பழைய நெட்டை ரகம் ஒன்றை ஒரு வயலில் முன்கூட்டியும் அடுத்த வயலில் ஒரு மாதம் தாமதமாகவும் நட்டோம். இரண்டிலும் கதிர் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்துவிட்டது. இது எப்படி?

உங்கள் ரகம் பகல் நீளத்தை உணரும் ரகம். நெல் இயல்பிலேயே குறும்பகல் தாவரம். பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் இத்தகைய ரகங்கள் பூக்க முற்படுகின்றன. முளைத்தபின் எந்தத் தூண்டுதலுக்கும் இணங்காத ஓர் இளமைக் கட்டம் உண்டு. அது முடிந்ததும் பயிர் காத்திருக்கத் தொடங்குகிறது. பகல் நீளம் அந்த ரகத்துக்குரிய அளவுக்குக் குறைந்த பின்னரே பஞ்சு கட்டுகிறது. முன்னால் நட்டது நெடுநாள் காத்திருக்கிறது, பின்னால் நட்டது சில நாட்களே காத்திருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கின்றன.

இந்த உணர்திறன் எவ்வளவு கூர்மையாக இருக்க முடியும் என்பதற்கு, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள மலாக்காவில் சயாம் 29 என்ற ரகத்தைக் கொண்டு செய்து 1959-ல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒரு சான்று. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே இருக்கும் வேறுபாடு சுமார் 14 நிமிடம் மட்டுமே. ஆயினும் ஜனவரியில் விதைத்த பயிர் 329 நாளும், செப்டம்பரில் விதைத்தது 161 நாளும் எடுத்துக்கொண்டன.

பயிர் இதை எப்படி அறிகிறது என்பதும் இப்போது பெருமளவு தெரிந்த செய்தியே. பகல் நீளத்தை உணர்வது இலை. பூக்கத் தொடங்குவது தண்டின் நுனிக்குருத்து. இலையில் உருவாகும் எச்டி3ஏ என்ற புரதம் குருத்துக்குச் சென்று அந்தச் செய்தியைச் சேர்ப்பிக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-ல் நிறுவினர்.

உங்கள் இரு வயல்களின் நிலை ஒன்றல்ல. முன்கூட்டி நட்ட வயலில் பயிர் அளவுக்கு மீறி உயர்ந்து, இலை அடர்ந்து, கீழ் இலைகளுக்கு வெளிச்சம் கிட்டாமல், கடைசியில் சாய்ந்துவிடும் ஆபத்து அதிகம். அதற்கு அதிக உரமிடுவது ஆபத்தை நாமே வரவழைப்பதாகும். தாமதமாக நட்ட வயலில் பயிர் குட்டையாகவும், தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு) குறைவாகவும், கதிர் சிறியதாகவும் இருக்கும். அங்கே நெருக்கி நடுவதே ஈடு. இத்தகைய ரகங்களில் ஒரு நன்மையும் இருக்கிறது: நடவு எவ்வளவு முன்பின்னானாலும் மழை ஓய்ந்து நீர் வடியும் காலத்தில் பயிர் தானே முற்றிவிடும். அதை ஒரு குறையாக மட்டும் பார்க்கும் போக்கு எனக்கு உடன்பாடானதல்ல.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐஆர் 8 போன்ற குட்டை ரகங்கள் இந்தக் கட்டிலிருந்து விடுபட்டவை. எந்த மாதம் நட்டாலும் ஏறத்தாழ அதே வயதில் முற்றுவதால், ஓர் ஆண்டில் இரண்டு, மூன்று போகம் எடுக்க அவை வழிவகுத்தன. ஆனால் இந்த விடுதலைக்கு ஒரு விலை உண்டு. பூக்கும் நாளை முன்பு பயிரே தேர்ந்துகொண்டது. இப்போது நடுகின்றவர் தேர்ந்தெடுக்கிறார். தேர்வு தவறினால் பயிர் அதைத் திருத்திக்கொள்ளாது.

கேள்வி: சாலை விளக்குக்கு அருகிலுள்ள பகுதியில் மட்டும் பயிர் பச்சையாகவே நிற்கிறது, கதிர் வரவில்லை. உரம் கூடிவிட்டதா?

உரம் அன்று, விளக்குதான் காரணம். முந்தைய பதிலில் பகல் நீளம் என்று எழுதியிருந்தாலும், பயிர் உண்மையில் அளப்பது தடையில்லாத இருளின் நீளத்தை. இரவு முழுவதும் விழும் மங்கிய வெளிச்சம்கூட இரவு இன்னும் குறுகியதே என்று பயிரை எண்ண வைத்துவிடுகிறது. உணர்திறன் உள்ள ரகங்களில் மட்டுமே இது நிகழும். விளக்கின் வயல்பக்கத்தை மறைக்கச் செய்யலாம். முடியாவிட்டால் அந்தத் துண்டில் மட்டும் பகல் நீளத்துக்கு இணங்காத ரகத்தை நடலாம். இவ்வாண்டு அந்தப் பகுதியை மற்றதோடு சேர்த்து அறுக்காமல் தனியே அறுங்கள். பச்சை மணி கலந்தால் முழு நெல்லின் தரமும் கெடும்.

கேள்வி: பயிர் செழிப்பாக வளர்ந்து, கதிரும் நன்றாக வெளிவந்தது. ஆனால் பாதிக்கு மேல் பதர். பூத்த வாரத்தில் கடும் வெயில் இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. நெல்லின் வாழ்நாளில் வெப்பத்துக்கு மிகவும் இளகிய நேரம் பூக்கும் நேரமே. ஒரு பூ திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் திறக்கிறது. அந்த வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிப்பதில்லை, சூலகமுடியில் விழும் மகரந்தம் போதுவதில்லை, அந்தப் பூ பதராகிறது. பூ மூடிய பிறகு பிற்பகலில் வெப்பம் ஏறினால் அதே அளவு சேதம் இல்லை. இந்தக் காரணத்தினாலேயே, அதிகாலையில் பூக்கும் இயல்பைக் காட்டு நெல் இனமாகிய ஒரைசா அஃபிசினாலிஸிலிருந்து பயிர் நெல்லுக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடந்திருக்கின்றன.

ஒரு கதிரிலுள்ள பூக்கள் அனைத்தும் திறந்து முடிய ஒரு வாரம் வரை ஆகும். வயல் முழுவதும் முடிய அதைவிடக் கூடுதல் நாளாகும். எனவே ஒரு நாள் வெயில் முழு வயலையும் அழிப்பதில்லை. தொடர்ந்து ஒரு வாரம் அடித்தால் நீங்கள் கண்டது நேரும். பூக்கும் வாரத்தில் வயலில் நீர் நிற்கச் செய்தால் இலை வழியே நீர் ஆவியாகிக் கதிரைச் சற்றுக் குளிர்விக்கும். வறண்ட காற்றில் இது நன்கு பலிக்கும், புழுக்கமான காற்றில் அதிகம் பலிக்காது. எப்படியாயினும் இது சிறிய நிவாரணமே.

பகல் வெப்பம் மட்டுமே எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையப் பண்ணையின் பதிவுகளைக் கொண்டு 2004-ல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி உயரும்போது விளைச்சல் 10 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. இரவு வெப்பம் கூடினால் பயிர் பகலில் சேர்த்ததைச் சுவாசித்தே செலவழிக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களில் ஒன்று. மணி முற்றும் காலத்தில் வெப்பம் மிகுந்தால் அரிசியில் வெண்மையான, மாவு போன்ற பகுதி தோன்றி, அரைக்கும்போது நொறுங்கும். இதைத் தவிர்க்கவே ஜப்பானில் சில பகுதிகளில் நடவைத் தள்ளிப்போட்டுக் கோடையின் உச்சத்துக்குப் பின் மணி முற்றும்படி செய்கிறார்கள்.

கேள்வி: குளிர் காலத்தில் கதிர் வந்த எங்கள் வயலிலும் பதர்தான். பூக்கும்போது குளிர் அவ்வளவாக இல்லையே?

குளிர் பூக்கும்போது வந்திருக்க வேண்டியதில்லை. அதற்கு ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு வந்திருந்தாலே போதும். கதிர் இன்னும் பொதிக்குள், அதாவது இலையுறைக்குள், இருக்கும் அந்தச் சமயத்தில்தான் மகரந்தம் உருவாகிறது. கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலையின்) கழுத்தும் அதற்கு முந்தைய இலையின் கழுத்தும் ஒரே உயரத்தில் நிற்பதைக் கண்டால் பயிர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறியலாம். அப்போது 20 டிகிரிக்குக் கீழே சில நாள் நீடிக்கும் குளிர், மென்மையான ரகங்களில் மகரந்தத்தை மலடாக்கிவிடும். தாங்கும் ரகங்கள் இன்னும் மூன்று நான்கு டிகிரி இறங்கும்வரை பொறுக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. சேதம் நேர்ந்த நாளுக்கும் அது கண்ணுக்குத் தெரியும் நாளுக்கும் இடையில் வாரங்கள் கடந்துவிடுவதால், காரணத்தை வேறெங்கோ தேடுகிறோம்.

1993-ல் ஜப்பானில் கோடை குளிர்ந்துபோனது. நாட்டின் மொத்த நெல் விளைச்சல் இயல்பில் 74 விழுக்காடாகச் சரிந்து, அரிசியைப் பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அங்கே வடக்குப் பகுதி உழவர்கள் கையாளும் ஒரு முறை எங்கும் பொருந்தும்: பொதிப் பருவத்தில் குளிர் வரும் அறிகுறி தெரிந்தால் வயலின் நீரை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்துகிறார்கள். இரவில் காற்றைவிட நீர் வெதுவெதுப்பாக இருப்பதால், தண்டின் உள்ளே தாழ்வாக இருக்கும் இளங்கதிருக்கு அது காப்பாகிறது.

குளிர் காலத்தில் முற்றும் பயிருக்கு இன்னொரு செய்தி. அங்கே மூன்றாம் பகுதி 30 நாளில் முடியாது. 45 நாள், சில இடங்களில் 60 நாள்கூட நீளும். குளிர் மிதமாக இருந்து வெயிலும் இருந்தால் இது நன்மையே, மணி நிறைவாக முற்றும்.

கேள்வி: நாற்றங்கால் விட்ட பிறகு நீர் வர மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. முதிர்ந்த நாற்றை நடலாமா, புதிதாக விதைக்கலாமா?

ரகத்தின் வயதைப் பொறுத்த விடை இது. குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள் நாற்றும், மத்திய கால ரகத்துக்கு 25 முதல் 30 நாள் நாற்றும், நீண்ட கால ரகத்துக்கு 35 முதல் 40 நாள் நாற்றும் ஏற்றவை என்பது பொதுவான பரிந்துரை. நாற்றங்காலில் கழியும் நாட்களையும் பயிர் தன் வயதில் கணக்கிட்டுக்கொள்கிறது என்பதே இதன் அடிப்படை.

தூர் எப்போது வருகிறது என்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். ஜப்பானிய ஆய்வாளர் கதயாமா கண்டறிந்த ஒழுங்கின்படி, ஐந்தாவது இலை வெளிவரும் வேளையில் இரண்டாவது இலையின் கக்கத்திலிருந்து ஒரு தூர் கிளம்புகிறது; ஆறாவது இலையோடு மூன்றாவது இலையின் தூர் வருகிறது; இப்படியே மேலே செல்கிறது. நாற்றங்காலின் நெருக்கத்தில் இந்தக் கீழ்த்தூர்கள் எழுவதில்லை. எழ வேண்டிய முறை கடந்துவிட்டால் பிறகு நடவு வயலில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் அவை திரும்பி வருவதில்லை. மடகாஸ்கரில் 1983-ல் பாதிரியார் ஹென்றி தெ லோலானி மிக இளம் நாற்றை ஒற்றையாக நட்டபோது தூர் பெருகியதைக் கண்டதற்கும், இன்று 8 முதல் 15 நாள் நாற்றை நடும் முறை பரவியிருப்பதற்கும் பின்னால் உள்ள காரணம் இதுவே.

உங்கள் ரகம் குறுகிய காலத்தது என்றால் 40 நாளைத் தாண்டிய நாற்றை நடாதீர்கள். அது நட்ட சில வாரங்களில் நாலைந்து தூரோடு பஞ்சு கட்டிவிடும், பிறகு எந்த உரமும் அதை மீட்காது. நாட்கள் இடம் கொடுத்தால் மறுபடி விதைப்பதே மேல். நீண்ட கால ரகம், அல்லது பகல் நீளத்தை உணரும் ரகம் என்றால் 45, 50 நாள் நாற்றைக்கூட நடலாம். அப்போது குத்துக்கு நாலைந்து நாற்றாக நெருக்கி நட்டு, தூரை எதிர்பார்க்காமல் முதன்மைத் தண்டுகளையே கதிராக்கும் நோக்கில், மேலுரத்தை (வளரும் பயிருக்கு இடும் உரத்தை) வழக்கத்தைவிட முன்னால் இட வேண்டும். முதிர்ந்த நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் நட்டபின் சாயாது. இலையில் இடப்பட்டிருக்கும் தண்டுத் துளைப்பானின் முட்டைக் குவியல்களும் ஓரளவு நீங்கும்.

கேள்வி: நேரடி விதைப்பில் இந்தக் கணக்கு மாறுமா?

சிறிது மாறும். நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுந்து பயிர் சில நாள் தேங்குகிறது. நேரடி விதைப்பில் அந்தத் தேக்கம் இல்லாததால் அதே ரகம் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை முன்னதாக முற்றும். பூக்கும் நாளை அந்த அளவுக்கு முன்னால் தள்ளிக் கணக்கிடுங்கள்.

கேள்வி: மேகமூட்டமான காலத்தில் நட வேண்டியிருக்கிறது. எந்தக் கட்டத்தில் வெயில் குறைந்தால் அதிகச் சேதம்?

தூர் கட்டும் காலத்தில் மேகம் இருந்தால் பயிர் பெரும்பாலும் பின்னர் ஈடுசெய்துகொள்ளும். பஞ்சு கட்டியது முதல் பூக்கும் வரையிலான காலத்தில் வெயில் குறைந்தால் கதிரில் பூக்களின் எண்ணிக்கையே குறைகிறது. விளைச்சலின் உச்ச அளவு அப்போதே தீர்மானமாகிவிடுகிறது. பூத்தபின் மூன்று வாரம் மேகம் நின்றால் பூக்கள் இருந்தும் மணி நிறையாமல் கருக்காயாகும். இந்த மூன்றில் நடுக்கட்டமே மிகவும் விலைமதிப்பானது என்பதை நிழலிட்டுச் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. எனவே மேகம் விலகும் காலத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பு நட்டு, தூர் கட்டும் காலத்தை மேகத்துக்கு விட்டுக்கொடுப்பது நல்ல ஏற்பாடு. மேகமும் இலை ஈரமும் குலை நோய் என்ற பூஞ்சை நோய்க்கும் சாதகம் என்பதால், அந்தக் காலத்தில் தழைச்சத்தை ஒரே முறையில் அள்ளி இடுவதைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: அக்கம்பக்கத்து வயல்களில் எல்லோரும் நட்டு முடித்து ஒரு மாதம் கழித்து நான் மட்டும் நடுகிறேன். வானிலை ஒத்துவந்தால் போதாதா?

போதாது. முன்பு நட்ட வயல்களில் பெருகிய புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் தண்டுத் துளைப்பானும் அந்தப் பயிர் முற்றியதும் இளம் பயிரைத் தேடி வரும். அப்போது இளமையாக இருப்பது உங்களுடையது மட்டுமே. எலியும் பறவையும் அப்படியே. ஒரு பகுதியிலுள்ள வயல்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் நடப்பட்டு, இடையே சில வாரமேனும் நெல் இல்லாத இடைவெளி விடப்பட்டால் பூச்சிகளின் தலைமுறைத் தொடர் அறுபடும். தவிர்க்க முடியாமல் பிந்தி நடும்போது, வயது குறைந்த ரகத்தைத் தேர்ந்து, பிந்திய நாட்களில் ஒரு பகுதியையாவது மீட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் நடவு நாளை நானே எப்படிக் கணக்கிடுவது?

பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் பகுதியின் பல ஆண்டு வெப்பநிலை, மழைப் பதிவுகளைப் பார்த்து, காலை வேளையில் 35 டிகிரியைத் தாண்டாத, இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத, பெருமழையும் இல்லாத இரண்டு வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூக்கும் காலம் அங்கே அமைய வேண்டும். உங்கள் ரகம் விதைத்து 90 நாளில் பூப்பது என்றால், அந்த இரண்டு வாரத்தின் நடுநாளிலிருந்து 90 நாள் பின்னே விதைப்பு. நாற்றின் வயது 25 நாள் என்றால் 65 நாள் பின்னே நடவு. பூக்கும் நாளுக்கு 35 நாள் முன்பு பஞ்சு கட்டும். மேலுரத்தின் முக்கியப் பகுதி அதற்கு ஒட்டி விழ வேண்டும்.

நாளை மட்டும் நம்பாமல், அந்தத் தேதி நெருங்கும்போது முதன்மைத் தண்டுகள் சிலவற்றை வேரோடு எடுத்து, அடியிலிருந்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெண்மையான பஞ்சு போன்ற நுனி தெரிந்தால் இளங்கதிர் தொடங்கிவிட்டது. கணக்கிட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்பே அது தெரிந்தால் பூக்கும் நாளும் ஒரு வாரம் முன்னேறும். மேலுரத்தையும் நீர்ப் பாய்ச்சலையும் அதற்கேற்ப அன்றே மாற்றிக்கொள்ளலாம்.